மெட்டு முதலா, சத்தம் முதலா?

மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கு, ஈசூனில் உள்ள என் வீட்டு வரவேற்பறையில் விளக்குகளை அணைத்துவிடுவோம். அது எங்கள் குழுவின் விதி. நால்வரில் ஒருவர் அன்றைக்கு ஓர் இசைப்படைப்பை ஒலிக்கவிடுவார். யார் இசையமைத்தது, எந்த ஆண்டு, எந்த நாடு என்று சொல்லக்கூடாது. முடியும்வரை யாரும் வாய் திறக்கக்கூடாது. முடிந்ததும் விளக்கைப் போடுவோம். பிறகு தொடங்கும் வாக்குவாதம் சில வேளைகளில் கடைசிப் பேருந்து போகும்வரை நீளும்.

நாங்கள் கேட்பது மின்னணு இசை. ‘டிஸ்கோ’ பாட்டு என்று என் மனைவி சுருக்கமாகச் சொல்லிவிட்டு அறைக்குள் போய்விடுவார். உண்மையில் அது எழுபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உடைய கலை.

குழுவில் நான் கணக்குப் பிரிவில் வேலை செய்பவன். உயர்நிலை இரண்டுவரை வயலின் கற்றுவிட்டுப் பாதியில் விட்டவன். இரண்டாமவர் மின்தூக்கி பழுதுபார்க்கும் தொழில்நுட்பர். வீட்டில் ஓர் அலமாரி நிறைய கம்பிகளும் திருகுகளுமாகச் சொந்தமாக ‘சிந்தசைசர்’ கட்டி வைத்திருக்கிறார். மூன்றாமவர் அவருடைய அண்ணன் மகள்; பலதுறைத் தொழிற்கல்லூரியில் ஒலித்துறை படிக்கிறார். நான்காமவர், எனக்கு இரண்டு மாடி கீழே குடியிருக்கும் 69 வயது மாமா. ஒருகாலத்தில் இங்குள்ள மேடை இசைக்குழுக்களில் தபேலா வாசித்தவர்.

மாமா எங்களோடு சேர்ந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டு ஆண்டுகளுக்குமுன் ஒரு நாள் இரவு ஒன்பதரை மணிக்கு அழைப்புமணி ஒலித்தது. கதவைத் திறந்தால் அவர். சத்தத்தைப் பற்றிப் புகார் சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்து, மன்னிப்புக் கேட்கத் தயாரானேன்.

“தம்பி, அந்த டிரம் யாரு வாசிக்கிறா?” என்றார்.

“யாரும் இல்ல மாமா, மெஷின்தான்.”

“அதான் பாத்தேன். ஒரு தடவகூட மூச்சு விடலயே!”

உள்ளே வந்து உட்கார்ந்தவர் பத்தரை மணிவரை கேட்டார். அடுத்த மாதமும் வந்தார்.

எட்டுத் தாள வட்டத்தில் சிக்கியவன்

சென்ற ஆண்டின் நடுவில், விதியை மீறி என் சொந்தப் பிரச்சினையைக் குழுவின் முன் வைத்தேன். என் கணினியில் நாற்பதுக்கும் மேற்பட்ட இசைத் துண்டுகள் அரைகுறையாகக் கிடக்கின்றன. ஒவ்வொன்றும் எட்டுத் தாள வட்டம்தான். முதலில் ஒரு தாளம், அதன்மேல் ஒரு கீழ்ச்சுரம், அதன்மேல் ஒரு மெட்டு. கேட்கக் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் ஒன்பதாவது வட்டத்துக்கு என்ன செய்வது என்று தெரியாது. மறுநாள் திறந்து பார்த்தால் அலுத்துப்போயிருக்கும். இன்னொன்றைத் தொடங்குவேன்.

கணினியில் இசையமைக்கும் எல்லாருக்கும் தெரிந்த நோய் இது. ஒரு துண்டை வட்டமாகச் சுற்றவிடுவது அந்த மென்பொருள்களில் மிக எளிது. எளிதாக இருப்பதாலேயே அதைவிட்டு வெளியேறுவது கடினம்.

“மெட்ட முதல்ல மனசுல போட்டுட்டு அப்புறம் மெஷின் பக்கம் போ. மெட்டு இல்லாம உக்காந்தா இப்படித்தான் சுத்திக்கிட்டே இருக்கும்,” என்றார் மாமா. திரைப்பட இசை வளர்ந்த முறை அவருக்கு அத்துப்படி. இயக்குநர் காட்சியைச் சொல்வார். இசையமைப்பாளர் ஆர்மோனியத்தில் மெட்டுப் போடுவார். கவிஞர் சொல் வைப்பார். வாத்தியங்கள் கடைசியில் வரும்.

மின்தூக்கி நண்பர் தலையை ஆட்டினார். “மாமா, அது பாட்டுக்குச் சரி. எங்க ஆளுங்க சத்தத்துலேருந்து ஆரம்பிச்சாங்க. சத்தம் எங்க போகுதோ அங்கதான் இசையும் போகும்.”

மெட்டு முதலா, சத்தம் முதலா? அன்று தொடங்கிய வாக்குவாதம் ஐந்து மாதங்கள் ஓடியது. ஒவ்வொருவரும் தம் கட்சிக்குச் சாட்சிகளை அழைத்து வந்தனர்.

ரயிலும் சவரக் கத்தியும்

நண்பர் அழைத்த முதல் சாட்சி பியர் ஷாஃபர். பிரெஞ்சு வானொலியில் பணியாற்றிய அவர் 1948ல் பாரிஸ் நகரின் ரயில் நிலையம் ஒன்றுக்குப் போய், இயந்திரங்களின் புகைமூச்சையும் சக்கரங்களின் தடதடப்பையும் பதிவுசெய்தார். அப்போது அவர் கையில் ஒலிநாடாகூட இல்லை, இசைத்தட்டில்தான் பதிவுசெய்தார். தட்டின் பள்ளத்தை ஒரே வட்டமாக அடைத்து, ஒரே ஒலியைத் திரும்பத் திரும்பச் சுழலவிட்டார். நான் கணினியில் செய்யும் ‘வட்டம்’ அங்கேதான் பிறந்தது. அந்த ஒலிகளை அடுக்கி அவர் உருவாக்கிய ரயில் படைப்பு அதே ஆண்டு வானொலியில் ஒலிபரப்பானது. அதில் ஒரு சுரம் இல்லை, ஒரு மெட்டு இல்லை.

ஜெர்மனியின் கொலோன் நகர வானொலிக்கூடத்தில் வேறு வழி பிடித்தார்கள். உலகில் இருக்கும் ஒலியை எடுத்து வெட்டுவதற்குப் பதிலாக, மின்சுற்றிலிருந்து கலப்பில்லாத ஒற்றை ஒலிகளை எடுத்து, அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இதுவரை இல்லாத ஒலியைப் படைக்க முயன்றார்கள். கார்ல்ஹைன்ஸ் ஷ்டொக்ஹவுசன் 1953லும் 1954லும் அங்கே செய்த இரண்டு ஆய்வுப் படைப்புகள் அப்படிப் பிறந்தவை. 1956ல் அவரே இரு வழிகளையும் சேர்த்து, ஒரு சிறுவனின் குரலையும் மின்னொலியையும் ஒரே படைப்புக்குள் கொண்டுவந்தார்.

மாமா இவற்றைப் பொறுமையாகக் கேட்டார். மனம் மட்டும் இறங்கவில்லை. அவரை இறங்கவைத்தது மாணவி கொண்டுவந்த சாட்சி: பிபிசி வானொலியின் ஒலிப்பட்டறையில் வேலை செய்த டெலியா டெர்பிஷர்.

‘டாக்டர் ஹூ’ என்ற தொலைக்காட்சித் தொடரின் முகப்பிசை 1963ல் வந்தது. மெட்டை எழுதியவர் ரான் கிரைனர். அதை ஒலியாக்கியவர் டெர்பிஷர். அந்தப் பட்டறையில் சிந்தசைசர் இல்லை. ஒரு தந்தியை மீட்டிப் பதிவுசெய்து, அந்த நாடாவை வேகமாகவும் மெதுவாகவும் ஓட்டி வெவ்வேறு சுரங்களை உண்டாக்கினார். ஒவ்வொரு சுரத்தையும் தேவையான நீளத்துக்குக் கத்தியால் வெட்டி, ஒட்டி, மெட்டாகக் கோத்தார். நாடாவின் நீளம்தான் தாளம். அரை அங்குலம் தவறினால் தாளம் தவறும்.

விளக்கைப் போட்டதும் மாமாவின் முதல் கேள்வி: “ஒவ்வொரு அடியையும் வெட்டி ஒட்டினாங்களா?” பிறகு, “இது சாதகம்மா. நாங்க விரல்ல பண்ணினத அந்தப் பொண்ணு கத்தியால பண்ணியிருக்கு,” என்றார்.

கிரைனர் அவரோடு புகழைப் பகிர்ந்துகொள்ள விரும்பினார். ஆனால் பட்டறையில் பணியாற்றியவர்களின் பெயரை வெளியிடும் வழக்கம் அன்று இல்லை. அந்த இசைக்காக டெர்பிஷரின் பெயர் திரையில் வந்தது, தொடரின் 50ஆம் ஆண்டு நிறைவான 2013ல். அவர் இறந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அதைச் சொன்னபோது மாமா எதுவும் பேசவில்லை. பேசாததன் காரணம் எங்களுக்குப் பின்னால்தான் புரிந்தது.

கட்டை இருந்தால் கட்டைப் பாட்டு

1960களில் அமெரிக்காவின் இரண்டு கரைகளிலும் இருவர் ஏறக்குறைய ஒரே காலத்தில் சிந்தசைசர் செய்தார்கள். கிழக்கே ராபர்ட் மூக், 1964ல். மேற்கே டான் புக்லா. மூக்கின் கருவியில் பியானோவைப் போலக் கறுப்பு வெள்ளைக் கட்டைகள் இருந்தன. புக்லா அதை விரும்பவில்லை. கட்டைகளை வைத்தால், விரல் பழைய பாட்டைத்தான் தேடிப் போகும் என்பது அவர் எண்ணம். ஆகவே தொட்டால் உணரும் தகடுகளை வைத்தார்.

விளைவு என்ன? மூக்கின் கருவியில் வெண்டி கார்லோஸ் 1968ல் பாக்கின் செவ்வியல் படைப்புகளை வாசித்து வெளியிட்டார். ஒரு நேரத்தில் ஒரு சுரம் மட்டுமே தரும் கருவி அது. ஒவ்வோர் இழையாகப் பதிவுசெய்து நெய்தார். மூன்று கிராமி விருதுகள் கிடைத்தன. மெட்டு இருநூறு ஆண்டுகளுக்கும் முன்பே இருந்தது, சத்தம்தான் புதிது. அதற்கு முந்திய ஆண்டு, புக்லாவின் கருவியில் மார்ட்டன் சுபாட்னிக் ஓர் இசைத்தட்டை வெளியிட்டார். அதில் பழைய மெட்டு எதுவும் இல்லை. கருவியோடு பேசிப் பேசிக் கண்டெடுத்த ஒலிகளே இருந்தன.

ஒரே காலம், ஒரே வகை மின்சுற்று. கட்டை இருந்த இடத்தில் மெட்டு வென்றது; கட்டை இல்லாத இடத்தில் சத்தம் வென்றது.

“இது நமக்குப் புதுசா?” என்று மாமா கேட்டார். “ஆர்மோனியத்த ரேடியோவுல தடை பண்ணாங்களே, எதுக்கு?” உண்மைதான். அகில இந்திய வானொலி 1940ல் ஆர்மோனியத்துக்குத் தடை விதித்தது. முப்பது ஆண்டுகள் கழித்துத்தான் அது தளர்ந்தது. முக்கியக் குற்றச்சாட்டு, ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு அதனால் வழுக்கிச் செல்ல முடியாது என்பது. கமகம் இல்லையேல் ராகம் ஏது? அதே கேள்வியைத்தான் நானும் என் மின்விசைப்பலகையோடு ஒவ்வோர் இரவும் கேட்டுக்கொண்டிருந்தேன். வயலினில் விரலை நகர்த்தினால் வருவது, இங்கே சக்கரத்தைத் திருகினாலும் வருவதில்லை.

அடுத்த மாதம் மாணவி ஒலிக்கவிட்டது எங்களைத் திகைக்க வைத்தது. ‘டிக் டிக்’ என்ற இயந்திரத் தாளம். அதன்மேல் வழுக்கி வழுக்கி ஏறும் ஒரு ராகம். ஜெர்மனியா, சிகாகோவா என்று ஊகித்துக்கொண்டிருந்தோம். மும்பாய்! திரைப்பட இசைக்குழுக்களில் வாசித்த சரண்ஜித் சிங் 1982ல் வெளியிட்ட இசைத்தட்டு. பத்து ராகங்கள், டிஸ்கோ தாளத்தில்.

அவர் பயன்படுத்தியவற்றில் ஒன்று ரோலண்ட் நிறுவனத்தின் டிபி 303. தனியாகக் கிட்டார் வாசிப்பவர்களுக்குப் பக்கத்துணையாகக் கீழ்ச்சுரம் வாசிக்கச் செய்த சின்னப் பெட்டி. விற்காமல், மூன்றே ஆண்டுகளில் தயாரிப்பு நின்றது. ஆனால் அதில் ஒரு வசதி இருந்தது: எந்தச் சுரத்திலிருந்து எந்தச் சுரத்துக்கு வழுக்கவேண்டும் என்று குறித்துக்கொடுக்கலாம். சரண்ஜித் சிங்கின் காதுக்கு அது கமகத்தின் பக்கத்து வீடாகப் பட்டிருக்கவேண்டும். இசைத்தட்டு அன்று விலைபோகவில்லை. 1987ல் சிகாகோ இளையர்கள் அதே பெட்டியை மலிவு விலைக்கு வாங்கி, திருகுகளைத் தாறுமாறாகத் திருப்பி, ‘ஆசிட் ஹவுஸ்’ என்ற புதிய இசைவகையைத் தொடங்கினார்கள். சிங்கின் இசைத்தட்டு 2010ல் மறுபதிப்பானபோதுதான், ஐந்து ஆண்டுகள் முந்தியே மும்பாயில் ஒருவர் அந்தப் பக்கம் போய்வந்தது உலகத்துக்குத் தெரிந்தது.

நாங்கள் பரபரப்பாகப் பேசிக்கொண்டிருந்தோம். மாமா மட்டும் மெதுவாகச் சொன்னார்: “தபேலா இல்ல பாத்தீங்களா?”

இல்லைதான். ராகம் இருந்தது, தம்புராபோல் சுருதி இருந்தது. தபேலா இருக்கவேண்டிய இடத்தில் டிஆர் 808 என்ற தாள இயந்திரம் இருந்தது.

மாமா சொன்ன கதை

அன்றுதான் முதன்முறையாகத் தம் கதையைச் சொன்னார்.

எழுபதுகளின் பிற்பகுதியில் அவர் ஒரு மேடை இசைக்குழுவில் சேர்ந்தார். பகலில் கிடங்கில் வேலை, இரவில் தபேலா. திருமண விருந்து, சமூக மன்றக் கலைநிகழ்ச்சி, தீபாவளி இரவு என்று வார இறுதி நிறைந்திருக்கும். மேடையில் பதினொரு பேர். புதுப்படப் பாடல் வானொலியில் வந்தால், மறுவாரமே குறிப்பெடுத்து வாசித்துவிடுவார்கள்.

எண்பதுகளின் நடுவில் பாடல்களே மாறத்தொடங்கின. 1986ல் வெளிவந்த ‘புன்னகை மன்னன்’ படத்தில் இளையராஜா கணினி இசையைப் பயன்படுத்தியபோது, மேடைக்குழுக்கள் எல்லாம் அந்தச் சத்தத்துக்கு எங்கே போவது என்று தவித்தன. குழுவின் தலைவர் தாளம் தானாக ஒலிக்கும் புதிய கீபோர்டு ஒன்றை வாங்கினார். கெர்வா வேண்டுமா, ஒரு பொத்தான். தாத்ரா வேண்டுமா, பக்கத்துப் பொத்தான்.

“ஒரு வெள்ளிக்கெழம போன் வந்துச்சு. ‘நாளைக்கு நீ வரவேணாம்’னாரு. அடுத்த வாரமும் அதேதான். மூணாவது வாரம் போன் வரல. சண்ட இல்ல, சச்சரவு இல்ல. பதினோரு பேருக்குக் குடுக்குற காச ஆறு பேருக்குக் குடுத்தா போதும்ல. அவரையும் கொற சொல்லமுடியாது.”

தபேலா துணிப்பைக்குள் போய் அலமாரியின் உச்சியில் ஏறியது. மாமா பொருள் விநியோகிக்கும் லாரி ஓட்டினார், பிள்ளைகளைப் படிக்கவைத்தார், ஓய்வுபெற்றார்.

“அப்புறம் ஏன் மாமா எங்ககூட உக்காந்து இதெல்லாம் கேக்குறீங்க?” என்றேன்.

“என்ன வெளிய அனுப்புனது யாருன்னு தெரிஞ்சுக்கலாம்னுதான்,” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எங்களால் சிரிக்க முடியவில்லை.

சிங்கப்பூரில் பிறந்த ஒலி

அந்த இரவு தூக்கம் வரவில்லை. என் முதல் கணினியைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன். அதில் இருந்த ‘சவுண்ட் பிளாஸ்டர்’ ஒலி அட்டை நம்மூர்க்காரர் செய்தது. ஹார்மோனிகா வாசித்த, நீ ஆன் கல்லூரியில் படித்த சிம் வோங் ஹூவின் கிரியேட்டிவ் நிறுவனம் 1989ல் அதை அறிமுகப்படுத்தியது. அதுவரை பெரும்பாலும் ‘பீப்’ என்று மட்டும் கத்திய மேசைக்கணினிகள் இசைக்கவும் பேசவும் பழகியதில் இந்தச் சின்னத் தீவுக்குப் பெரும் பங்கு உண்டு. சிம் 2023ல் காலமானார்.

அந்த அட்டையில் இசை எழுப்பியது யமஹா நிறுவனத்தின் சில்லு. அதன் அடிப்படையைக் கண்டவர் ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகத்தின் ஜான் சௌனிங், 1967ல். ஒரு சுரத்தை அசைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார் அவர். அசைவை வேகமாக்கினார், இன்னும் வேகமாக்கினார். ஒரு கட்டத்தில் காது அதை அசைவாகக் கேட்பதை நிறுத்திவிட்டது. மணியைப் போலவும் கொம்பைப் போலவும் புதிய குரலாகக் கேட்டது. 1983ல் வந்த யமஹா டிஎக்ஸ் 7 கீபோர்டு அந்தத் தத்துவத்தில்தான் இயங்கியது.

என் கண்ணோட்டத்தில் அது கமகம்தான். கமகத்தை மனிதக் கையால் முடியாத வேகத்துக்குக் கொண்டுபோனால், அது சுரமாக இல்லாமல் சத்தமாக மாறிவிடுகிறது. மெட்டும் சத்தமும் இரண்டு கட்சிகளே அல்ல. ஒரே பொருளை மெதுவாகவும் வேகமாகவும் கேட்பது என்று அந்த இரவில் எனக்குத் தோன்றியது.

அடுத்த கூட்டத்தில் இதைச் சொன்னபோது மாணவி ஒரு யோசனை சொன்னார். பேசியது போதும், நால்வரும் சேர்ந்து ஒன்றை உருவாக்கலாம். மாமாவின் தபேலா அடிகளை ஒவ்வொன்றாகப் பதிவுசெய்து, கணினியில் ஏற்றி, அதைத் தாளமாக வைக்கலாம்.

மாமாவின் முகம் மாறியது. “என் கையயும் டப்பாக்குள்ள போட்டு வெச்சுட்டீங்கன்னா, அப்புறம் நான் எதுக்கும்மா?” என்றார். கோப்பியை முடிக்காமலே எழுந்துபோனார்.

மாணவி கண்கலங்கிவிட்டார். அவர் சொன்னதில் தவறில்லை. இன்று உலகம் முழுவதும் இசை அப்படித்தான் ஆக்கப்படுகிறது. மாமா கோபப்பட்டதிலும் தவறில்லை. 1987ல் ஒரு பொத்தான் செய்ததை, இப்போது அன்போடு நாங்கள் செய்ய நினைத்தோம்.

மூன்று நிபந்தனைகள்

அடுத்த மாதம் மாமா வரவில்லை. மூவராக உட்கார்ந்து கேட்டோம். அன்று மாணவி கொண்டுவந்திருந்தது, அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிலையத்தில் 1969 தொடங்கிச் சில ஆண்டுகள் இயங்கிய மின்னணு இசைக்கூடத்தின் பதிவுகள். அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடர் மூக் சிந்தசைசரை அங்கே நிறுவினார். இந்தியர்கள் அதில் செய்த படைப்புகள் பல்லாண்டுகள் பெட்டிக்குள் கிடந்து, 2023ல்தான் இசைத்தட்டாக வெளிவந்தன. அந்தக் கூடத்தில் பணியாற்றியவர்களில் கீதா சாராபாயும் ஒருவர். பக்வாஜ் வாசித்த முதல் பெண்களில் ஒருவர் அவர். 1946ல் நியூயார்க்கில் ஜான் கேஜுக்கு இந்திய இசை கற்றுக்கொடுத்தவர். ஒரு தாளக்கலைஞர் சிந்தசைசரின் முன் அமர்ந்திருக்கிறார், தன் தாளத்தை விட்டுவிடாமலே!

மறுநாள் காலை மாமாவின் வீட்டுக்குப் போய், அந்தப் பதிவை அவர் கைப்பேசிக்கு அனுப்பிவிட்டு, கீதா சாராபாய் பற்றி மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். வேறு எதுவும் கேட்கவில்லை.

அடுத்த கடைசிச் சனிக்கிழமை, எட்டு மணிக்கு அழைப்புமணி. மாமா கையில் துணிப்பை. “இடக்கை விரல் முன்ன மாதிரி மடங்கல. மூட்டுவாதம். இன்னும் நாள் போனா பதிவு பண்ணவும் ஒண்ணும் இருக்காது,” என்று சொல்லிவிட்டு, மூன்று நிபந்தனைகள் வைத்தார்.

ஒன்று, நல்ல அடிகளை மட்டும் பொறுக்கக்கூடாது. தளர்ந்த அடி, தவறிய அடி, கைவைத்து அடக்கும் ஓசை எல்லாம் வேண்டும். இரண்டு, கணினியில் அடிகளை இழுத்துக் கட்டத்துக்குள் ஒட்டவைக்கக்கூடாது. மூன்று, அந்தப் பொத்தான் பலகையைத் தட்டப்போவது அவர்தான்.

இரண்டாவது நிபந்தனையைக் கொஞ்சம் விளக்கவேண்டும். 1980ல் ரோஜர் லின் செய்த தாள இயந்திரம், உண்மையான டிரம் ஒலிகளைப் பதிவுசெய்து தந்தது. வாசிப்பவர் சற்று முன்பின்னாகத் தட்டினாலும், அடியைச் சரியான இடத்துக்கு நகர்த்திவிடும் வசதியும் அதில் இருந்தது. கூடவே, சில அடிகளை வேண்டுமென்றே தாமதப்படுத்தி ஒரு ஊஞ்சலாட்டம் தரும் வசதியையும் அவர் வைத்தார். முற்றிலும் சரியான தாளம் உயிரில்லாமல் ஒலிக்கும் என்பது இயந்திரம் செய்தவருக்கே தெரிந்திருந்தது. ‘மூச்சு விடவில்லை’ என்று முதல் நாள் வாசலில் நின்று மாமா சொன்னாரே, அதுதான் இது.

இரண்டு இரவுகள் பதிவுசெய்தோம். குளிரூட்டியையும் மின்விசிறியையும் அணைத்துவிட்டு, வியர்க்க வியர்க்க 37 வகை அடிகள். இடக்கைத் தபேலாவில் மணிக்கட்டை அழுத்தி நகர்த்தும்போது எழும் ‘கூம்’ என்ற வளைவை மட்டும் ஒன்பது விதமாகத் தந்தார். பிறகு பலகையில் அவற்றை ஏற்றி அவர் முன் வைத்தோம். பத்து நிமிடம் முறைத்துப் பார்த்தார். பிறகு நோகாத விரல்களால் தட்டத் தொடங்கினார். மடங்காத விரலின் அடியையும் நல்ல விரலால் எழுப்ப முடிந்தது. முப்பத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலான இடைவெளிக்குப் பிறகு முழு வேகத்தில் ஒரு கெர்வா.

திரையில் அளந்து பார்த்த மாணவி என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். மாமாவின் ஏழாவது அடி ஒவ்வொரு முறையும் ஒரு நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு தாமதமாக விழுந்தது. ஒருமுறை அல்ல, ஒவ்வொரு முறையும். அவருடைய மூச்சு எந்த இடத்தில் இருந்தது என்பதை முதன்முறையாகக் கண்ணால் பார்த்தேன்.

சுருதிக்கு, தம் வேலையிடத்தில் பதிவுசெய்த மின்தூக்கி இயந்திரத்தின் ரீங்காரத்தைக் கொண்டுவந்தார் நண்பர். அதன்மேல், வழுக்கும் ஒலியில் மோகனத்தின் ஐந்து சுரங்கள் என் பங்கு. நான் ஆறு மாதம் கட்டிக்கொண்டு அழுத அந்த எட்டு வட்ட மெட்டு? தூக்கி எறிந்துவிட்டேன். மாமாவின் தாளத்துக்குள் அது பொருந்தவில்லை. அவர் வாசிக்கக் கேட்டுக் கேட்டு, பதில்சொல்வதுபோல் புதிதாக வாசித்தேன். ஒன்பதாவது வட்டம் எப்போது வந்தது என்றே தெரியவில்லை. நாலு நிமிடம் பன்னிரண்டு நொடியில் படைப்பு முடிந்தது. நான் முடித்த முதல் படைப்பு அதுவே.

தொடங்க விரும்புவோருக்கு

இதைப் படிக்கும் உங்களில் சிலரும் வீட்டில் இப்படி எட்டு வட்டத்தில் சிக்கியிருக்கலாம். எங்களுக்குப் பயன்பட்டவற்றைச் சொல்கிறேன்.

விலையுயர்ந்த கருவி வேண்டாம். கைப்பேசியின் ஒலிப்பதிவும், ‘ஆடாசிட்டி’, ‘எல்எம்எம்எஸ்’ போன்ற இலவச மென்பொருள்களும் போதும். முதல் நாள் வீட்டிலேயே ஐந்து ஒலிகளைப் பதிவுசெய்யுங்கள்: சமையலறை மூடி, கதவு, குழாய் எதுவானாலும் சரி. அந்த ஐந்தை மட்டும் வைத்து ஒரு நிமிடப் படைப்பை உருவாக்குங்கள். ஆறாவது ஒலியைத் தேடாதீர்கள். ஆயிரம் ஒலிகள் கைவசம் இருக்கும்போதுதான் நாம் எதையும் முடிப்பதில்லை. பிரயன் ஈனோவும் பீட்டர் ஷ்மிட்டும் 1975ல் ஒரு சீட்டுக்கட்டே வெளியிட்டார்கள். வேலை தடைபட்டால் ஒரு சீட்டை எடுத்து, அதில் உள்ள கட்டளைப்படி நடக்கவேண்டும். எல்லையை யாராவது போட்டுக்கொடுத்தால் கை ஓடும் என்பது அதன் சாரம்.

ஒலிகளைக் கட்டத்தில் ஒட்டவைக்கும் வசதியை ஒரு வாரம் அணைத்துவையுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, உங்களைவிட மூத்த ஒருவர் முன்னால் அதை ஒலிக்கவிடுங்கள், விளக்கை அணைத்துவிட்டு.

சென்ற மாதக் கடைசிச் சனிக்கிழமை நாங்களும் அப்படித்தான் செய்தோம். எங்கள் படைப்பையே ஒலிக்கவிட்டு, இருட்டில் உட்கார்ந்திருந்தோம். மின்தூக்கி ரீங்கரித்தது. தபேலா எழுந்தது. என் மனைவியும் அறைக்கதவைத் திறந்துகொண்டு வந்து ஓரமாக நின்றதை நிழலில் கண்டேன்.

முடிந்தது. விளக்கைப் போட்டேன். மாணவி மாமாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மீண்டும் மாட்டிக்கொண்டார்.

“நல்லாருக்கு,” என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, “ஆனா தம்பி, ரெண்டாவது நிமிஷத்துல நீ அவசரப்பட்டுட்ட. நான்தான் காத்திருந்து உன்னக் கூட்டிட்டு வந்தேன். அடுத்த வாரம் திரும்ப எடுப்போம்,” என்றார்.

தபேலா துணிப்பையில் போட்டு என் வீட்டு மேசையடியிலேயே இருக்கிறது. சனிக்கிழமைவரை அதைக் கீழே எடுத்துப்போக வேண்டாம் என்று மாமாவே சொல்லிவிட்டார்.